கொழுந்து வார்த்தைகள்

ஆங்கிலத்தில் சின்ன வார்த்தை சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சின்னப் பையனாக இருந்தபோது நம்பியிருந்தால் மன்னித்துவிடலாம். எனக்கு அப்போது முப்பது தாண்டிவிட்டது. மீசை இருந்தது, மனைவி இருந்தாள், பள்ளிக்கூடம் போகிற மகன் இருந்தான். போதாததற்கு, ஊட்டியில் படித்து வாங்கிய ஆங்கில இலக்கியப் பட்டம் ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் படாமல் டிரங்குப் பெட்டியில் இருந்தது. பட்டத்துக்கு ஈரம் படவில்லை. படித்தது எல்லாம் எப்போதோ ஆவியாகிவிட்டது.

இந்த நம்பிக்கை வந்ததற்கு என் வேலைதான் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன். குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாங்கும் கொட்டகையில் இருந்தேன். சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயிகள் பசுந்தேயிலையை மூட்டைகளில் கொண்டுவந்து இறக்குவார்கள். எடை போடுவதற்கு முன், மூட்டையின் நடுவில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி மேசையில் பரப்ப வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக மென்மையாக இருந்தால் கொழுந்து, அது வலது பக்கம். மடக்கினால் படக்கென்று ஒடிகிற முற்றின இலை இடது பக்கம். இடது பக்கம் அதிகமாகிவிட்டால் மூட்டையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போகும்.

தேயிலைக்கு விலை விழுந்து கிடந்த காலம் அது. ஏலத்தில் எங்கள் தூளை ஏறெடுத்துப் பார்க்க ஆள் இல்லை. தரம் வேண்டும், தரம் வேண்டும் என்று மேலேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் செய்ததெல்லாம் ஒன்றுதான்: 'ஆகாது, ஆகாது' என்று இடது கையால் தள்ளுவது. இப்படி நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டிருக்கிறவன் கையில் ஒரு ஆங்கில அகராதி கிடைத்தால் என்ன செய்வான்? 'குட்' என்றால் முற்றின இலை. 'சேட்', 'பிக்', 'கோல்ட்' எல்லாம் முற்றின இலை. சோகத்துக்கு 'மெலங்கலி' என்றால் கொழுந்து. அற்பாயுசு என்று அர்த்தம் வருகிற 'எஃபெமரல்' என்பது மொட்டோடு சேர்த்துக் கிள்ளிய முதல்தரக் கொழுந்து.

அகராதியைக் கையில் எடுக்க வேண்டிய நிலைமை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. மீதி நாட்களில் வாசலில் 'மராமத்துப் பணி நடைபெறுகிறது' என்று ஒரு பலகை மாட்டினார்கள். மராமத்து செய்ய வேண்டிய ஃபிட்டர் கொட்டகையில் உட்கார்ந்து கேரம் ஆடிக்கொண்டிருந்தார். கசப்பானதை இதமாகச் சொல்கிற அந்த மாதிரிப் பலகைக்கு ஆங்கிலத்தில் 'யூஃபமிசம்' என்று பெயர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், தொழிற்சாலை மூடினால் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸும் போய்விடும் என்பதுதான். தகரக் கூரை, மரத் தரை, ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு, எங்கள் பக்கத்துப் பனிமூட்டம், நேரே அடுப்படிக்குள் வரும். அந்த வீட்டைவிட்டால் எங்களுக்குப் போக்கிடம் ஒன்றுதான். காரமடையில் என் மனைவியின் அண்ணன் வீடு.

மைத்துனர் தங்கமான மனிதர். அதுதான் பிரச்சினையே. ஹாலோ பிளாக் கல் அறுக்கும் யார்டு வைத்திருந்தார். ஒருமுறை மலையேறி வந்து, எங்கள் வீட்டுச் சுவரையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எதுக்குங்க மாப்ள இங்க கெடந்து நடுங்கறீங்க? நம்ம ஊட்டுல மேல் ரூம் சும்மாத்தானே கெடக்குது. காலைல யார்டுல வந்து லோடு எண்ணி உட்டீங்கன்னாப் போதும். மத்ததெல்லாம் நாம் பாத்துக்கறேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இவ்வளவு பிரியமாகச் சொன்னால் மனிதன் என்ன செய்வது? அன்று ராத்திரி கனவில் நான் ஸ்வெட்டரோடு வெயிலில் நின்று கல் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ண எண்ணக் கல் கூடிக்கொண்டே போனது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் டீமேக்கர் ஒரு செய்தி கொண்டுவந்தார். டீமேக்கர் என்றால் தொழிற்சாலைக்குள் இலை தூளாகிற வரைக்கும் பொறுப்பான ஆள். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் கப்பலேறி வந்தவர். குன்னூரில் மேட்டில் இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்த ஆள் தேடுகிறார்கள், நீங்கள்தான் படித்த மனுஷர் ஆயிற்றே என்றார். எஸ்டிடி பூத்துக்குப் போய் ஃபோன் செய்தேன். தலைமையாசிரியை எடுத்தார். குரலே கஞ்சி போட்டு இஸ்திரி போட்டது போல் இருந்தது.

"மாசம் பொறந்ததும் வந்து ஒரு டெமோ கிளாஸ் எடுங்க. டாப்பிக், லிட்டரரி டெர்ம்ஸ். அப்புறம் பார்ப்போம்."

பூத்திலிருந்து வெளியே வந்து யோசித்தேன். சிமிலி, மெட்டஃபர் என்று இரண்டு பெயர் ஞாபகம் வந்தது. அதில் எது உவமை, எது உருவகம் என்பது ஞாபகம் வரவில்லை.

கீழ்க்குன்னூரில் பழைய புத்தகம் விற்கிற கடையில் அட்டை கிழிந்த ஒரு கைடும், பூச்சி அரித்த ஓர் அகராதியும் வாங்கினேன். எங்களுக்குத் தெரிந்த ஒரே முறையில் படிக்கத் தொடங்கினேன். தேயிலையில் ஒரு காட்டைப் பறித்துவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள், சுற்றி முடித்து வரும்போது முதல் காட்டில் திரும்பவும் துளிர்த்திருக்கும். அதைச் சுற்று என்பார்கள். நானும் அகராதியைக் காடு காடாகப் பிரித்தேன். திங்கட்கிழமை ஏ, பி. செவ்வாய்க்கிழமை சி. ஒவ்வொரு பக்கத்திலும் மேலாகக் கொழுந்தை மட்டும் கிள்ளிக்கொண்டு நகர்வது. சுற்று முடிந்து திரும்பி வந்து பார்த்தால் ஏ காட்டில் ஒரு வார்த்தைகூட ஞாபகத்தில் துளிர்த்திருக்கவில்லை. கிள்ளினது கிள்ளினபடி மொட்டையாக நின்றது.

வீட்டில் சத்தம் போட்டுப் படிப்பேன். மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ஏனுங்க, இது சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"எது?"

"அதானுங்க, ஆனோமட்டோப்பியா. மாத்திரை பேராட்டவே இருக்குது."

"சத்தத்தை வெச்சே பேர் வெக்கறது அம்மிணி. சலசலன்னு ஓடுச்சு, மடமடன்னு சரிஞ்சுதுன்னு சொல்றோமில்ல."

"மடமடங்கறது சின்னதாத்தானே இருக்குது. அதுக்கு எதுக்குங்க இத்தாப் பெரிய பேரு?"

என் கொள்கையில் விழுந்த முதல் விரிசல் அது. நான் அதைக் கவனிக்காத மாதிரி அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

மைத்துனர் அவ்வப்போது ஆபீஸ் ஃபோனுக்குக் கூப்பிடுவார். "மேல் ரூம்ல ஜன்னலத் தொறந்தீங்கன்னா காத்து அப்பிடியே ஊட்டியாட்ட வருமுங்க மாப்ள" என்பார். காரமடையில், மண்டையைப் பிளக்கிற வெயிலில். மிகைப்படுத்திச் சொல்கிற 'ஹைப்பர்போலி'க்கு கைடில் போட்டிருந்த உதாரணத்தை அடித்துவிட்டு இதை எழுதிக்கொண்டேன். படிப்பில் எனக்குக் கிடைத்த ஒரே முன்னேற்றம் அந்த நாட்களில் அதுதான்: என்னைப் பயமுறுத்திய ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கிடைத்துக்கொண்டே வந்தது. பெயர் கிடைத்ததால் பயம் குறைந்ததா என்றால், இல்லை. பெயரோடு சேர்த்துப் பயந்தேன்.

டீமேக்கர் எனக்கு ஒரு பெரிய உதவி செய்தார். இலையை வாடப்போடுகிற மேல் தளத்தில் ஒரு கரும்பலகை உண்டு. எந்தத் தொட்டியில் எந்த லாட்டு, எத்தனை மணிக்குப் போட்டது என்று சாக்பீஸில் எழுதிவைப்பார்கள். இலையே பாதிதான் வந்ததால் பலகையும் பாதி காலியாக இருந்தது. "அந்தக் கீழ்ப்பக்கத்த நீங்க எடுத்துக்குங்க வாத்தியாரே" என்றார். நான் வாத்தியாராவதற்கு முன்பே அவருக்கு நான் வாத்தியார். தினமும் அதில் வார்த்தைகள் எழுதிவிட்டு, தொட்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டே மனப்பாடம் செய்வேன். கீழேயிருந்து காற்று இலைகளுக்குள் ஏறிவரும். வாடுகிற இலைக்கு ஒரு வாசம் உண்டு. பச்சை ஆப்பிளை நறுக்கி வெந்நீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தது போல. இன்றைக்கும் 'அல்லிட்டரேஷன்' என்ற வார்த்தையை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்த வாசம் வந்துவிடும்.

ஒருநாள், தூள் வாங்குகிற கம்பெனியின் ஆள் ஒருவர் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்தார். சோக ரசத்துக்கு ஆங்கிலத்தில் 'பேத்தாஸ்' என்று நான் எழுதிவைத்திருந்த பலகை முன்னால் நின்று மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"இது என்னங்க புதுசா இருக்கு, 'பேத்தாஸ்'? எந்த கிரேடு?"

டீமேக்கர் கண்ணிமைக்கவில்லை. "அது இப்பதான் ஆரம்பிச்சிருக்கோம் சார். சாம்பிள் இன்னும் வரல."

கொட்டகையிலும் என் நாக்கு சும்மா இருக்கவில்லை. மஞ்சு இறங்கிய ஒரு காலையில் இலை கொண்டுவந்த ஒரு பெரியவரிடம், "இன்னைக்கு வெதர் ரொம்ப மெலங்கலியா இருக்குதுங்க" என்றேன். அவர் தலைத்துண்டை உதறினார்.

"வெல என்னங்கன்னா வெதரச் சொல்றீங்க."

டெமோ நாள் வந்தது. அதற்கு முன்பு விடாமல் மழை. இலை பறிக்க முடியாமல் நின்று, பிறகு வந்த மூட்டைகளில் பாதி முற்றிப்போயிருந்தது. அவற்றை இடது பக்கம் தள்ளித் தள்ளித் தோள் வலியோடுதான் பஸ் ஏறப் புறப்பட்டேன். மனைவி மப்ளரைக் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

"பெருசா எதும் பேசீராதீங்க. உங்களுக்கு மூச்சு வாங்கும்."

வகுப்பறை ஜன்னல் வழியாக மஞ்சு உள்ளே வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தது. எல்லோரும் மெரூன் ஸ்வெட்டர். கடைசி பெஞ்சில், சால்வை போர்த்திக்கொண்டு தலைமையாசிரியை. நான் மேசைக்குப் பின்னால் நின்று, நாள்கணக்கில் தீட்டிவைத்திருந்த முதல் வாக்கியத்தை எடுத்துவிட்டேன். "டியர் ஸ்டூடன்ட்ஸ், ஆன் திஸ் மெலங்கலி அண்ட் எஃபெமரல் மார்னிங்..."

ஒரு பையன் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாக்கியம் எங்கே போனது என்று தெரியவில்லை. மூன்றாவது அதைத் தேடிக்கொண்டு போய்விட்டது. தலைக்குள் காரமடை மேல் ரூம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஊட்டிக் காற்று வருகிற ஜன்னல் உட்பட.

மனிதனுக்கு மூளை நின்றுபோனால் கை தனக்குத் தெரிந்த வேலையைச் செய்யத் தொடங்கிவிடும். என் கை மேசையைத் துடைத்தது. நான் பிள்ளைகளிடம், வெளியே பெய்கிற மழையைப் பற்றி ஆளுக்கொரு ஆங்கில வார்த்தை சொல்லுங்கள் என்றேன். "கோல்ட்" என்றான் ஒருவன். ஆகாது என்று தலையாட்டினேன், கை இடது பக்கம் தள்ளியது. "கிரே." ஆகாது. "ஹெவி." ஆகாது. நான்காவது பெஞ்சில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்து "வெட்" என்றாள். அதையும் தள்ளினேன்.

அவள் உட்காரவில்லை. தமிழில் கேட்டாள்.

"சார், நீங்க ஃபேக்டரில இலை பாக்கறவர்தானுங்களே?"

வகுப்பு என்னைப் பார்த்தது. நான் கரும்பலகையைப் பார்த்தேன்.

"எங்கப்பா கொண்டாந்த இலையையும் இப்பிடித்தானுங்க தள்ளுனீங்க. இதே கை. முந்தாநேத்து அரை மூட்டை ஊட்டுக்குத் திரும்பி வந்துருச்சு."

கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றுவது தெரிந்தது. அதுவரை ஒளிந்திருந்த வார்த்தைகள் எல்லாம் அப்போதுதான் வரிசை கட்டி வந்தன. கலாமிட்டி, கேட்டஸ்ட்ரஃபி, டெபாக்கிள், எல்லாமே பேரழிவுகள். அகர வரிசை பிசகாமல். அவற்றை அப்படியே நிற்கவைத்துவிட்டு, கொட்டகையில் விவசாயிகளிடம் கேட்கிற மாதிரியே அவளிடம் கேட்டேன்.

"அப்பா என்னம்மா சொன்னாரு?"

"சொல்லட்டுங்களா?"

"சொல்லு."

"'மழை நம்ம இலை மேல உக்காந்துட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது. எப்பிடிப் பறிக்கறது? முத்தாம என்ன பண்ணும்? அந்தாளுக்கு இதுகூடவா தெரியாது'ன்னாரு."

யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். எனக்குச் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவள் அப்பா சொன்னதை ஆங்கிலமாக்கிக் கரும்பலகையில் எழுதினேன். மழை எங்கள் இலை மேல் உட்கார்ந்துவிட்டது, எழவே மாட்டேன் என்கிறது. எழுதி முடித்துப் பார்த்தால் ஒரு கொழுந்துகூட இல்லை. அத்தனையும் இரண்டெழுத்து, மூன்றெழுத்து, நாலெழுத்து வார்த்தைகள். என் மேசைக்கு வந்திருந்தால் மூட்டையோடு திருப்பி அனுப்பியிருப்பேன்.

"மழைக்குக் காலு இருக்குதா?" என்று கேட்டேன்.

"இல்ல சார்."

"அப்புறம் எப்பிடி உக்காந்துச்சு?"

முன் பெஞ்சுப் பையன் ஒருவன், "பெர்சானிஃபிகேஷன் சார்" என்றான். அவர்களுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு அவர்களே சொன்னார்கள். மலையேறுகிற பஸ் கிழவன் மாதிரி இருமும் என்றார்கள், அது சிமிலி. எங்கள் ஊர் ரோடு ரோடே இல்லை, சல்லடை என்றார்கள், அது மெட்டஃபர். அந்த இரண்டில் எது எது என்று அன்றைக்குத்தான் எனக்கும் நிலைத்தது. இரட்டைச் சடைக்காரி மட்டும் இதில் சேரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பேன்ட் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மணி அடித்ததும் தலைமையாசிரியை எழுந்து வந்தார். "தமிழ் கொஞ்சம் ஜாஸ்தி. சனிக்கிழமை சொல்லி அனுப்பறேன்" என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து மப்ளரை அவிழ்ப்பதற்குள் மனைவி கேட்டாள், "என்னாச்சுங்க?"

"பெட்டியக் கட்டு. காரமடைதான்."

அவள் நிஜமாகவே பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினாள். வேடிக்கைக்குச் சொன்னேன் என்று சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமை வரை அந்தப் பெட்டி நடுவீட்டில் வாய் திறந்து கிடந்தது. நடக்கும்போதெல்லாம் முழங்காலில் இடித்துக்கொண்டேன். சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துப் பியூன் வந்து, திங்கட்கிழமையே சேரச் சொன்னதாகச் சொன்னார். மனைவி துணிகளை எடுத்துத் திரும்ப அடுக்கினாள். பிறகு அடுப்படிக்குப் போய், கொஞ்ச நேரம் கழித்து, எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாக மூக்கை உறிஞ்சினாள்.

தொழிற்சாலை அதிக நாள் தாங்கவில்லை. இந்தத் தடவை மராமத்துப் பலகைகூட மாட்டவில்லை. டீமேக்கர் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். பஸ் ஏறும்போது, "வாத்தியாரே, அந்தப் பேத்தாஸ் கடைசி வரைக்கும் சாம்பிள் வரலியே" என்று சிரித்தார். நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டோம். கான்கிரீட் கூரை. மழை பெய்தால் உள்ளே கேட்காது. தகரத்தில் விழுகிற அந்தச் சத்தத்துக்கு மனைவிதான் ரொம்ப நாள் ஏங்கினாள். "மடமடன்னே இல்லீங்களே" என்பாள். எனக்கு ஏங்குவதற்கு வேறு இருந்தன. கொட்டகை வாசலில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து விவசாயிகள் ஊர்க்கதை பேசுவது, ஈரக் கோணியின் வாடை, மேல்தளத்துக் கரும்பலகை. நல்ல காலம் என்று அதைச் சொல்ல முடியாது. எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். சேர்ந்து பயந்தோம், அவ்வளவுதான்.

அந்த ஒற்றை வாக்கியம்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது என்று நான் நம்பினேன். வருடா வருடம் புது வகுப்புக்கு அந்தக் கதையைச் சொல்வேன். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன். ஒரு கட்டத்தில் கதையில் தலைமையாசிரியை சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு வருடத்தில் எழுந்து நின்று கை தட்டினார்.

அவர் ஓய்வு பெற்ற அன்று நடந்த விழாவிலும் மேடையேறி அதைச் சொன்னேன். கை தட்டின இடத்தை மட்டும், அவரே எதிரில் இருந்ததால், விட்டுவிட்டேன். கூட்டம் முடிந்து டீயும் மொறுமொறுவென்ற வர்க்கி பிஸ்கட்டும் கொடுக்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அந்த போஸ்டுக்கு வேற யாருமே வரல. கோயம்புத்தூர்லேர்ந்து ஒருத்தர் மட்டும் வந்தாரு. குளிரைப் பாத்துட்டு அடுத்த பஸ்ஸுலயே மலை எறங்கிட்டாரு. நீங்க ஃபோன் பண்ணின அன்னைக்கே உங்களை எடுக்கறதுன்னு ஆயிடுச்சு."

"அப்ப டெமோ கிளாஸ்?"

"பழைய டீச்சர் மாசக் கடைசியோட நின்னுட்டாங்க. மறுநாள் லெவன்த்துக்கு லிட்டரரி டெர்ம்ஸ் பீரியட் இருந்துச்சு. எடுக்க ஆள் இல்ல."

"சனிக்கிழமை சொல்றேன்னீங்களே மேடம்."

"உடனே சொல்லியிருந்தா நீங்க சம்பளம் பேசியிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு, வர்க்கியை டீயில் தொட்டுக்கொண்டார்.